வீதியில் ஓட்டும் வேகக் காருக்கு எவ்வளவு விறைப்பான ஸ்பிரிங் போடலாம்?

ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீற்றர் அமுக்க எத்தனை கிலோ பாரம் வேண்டுமோ, அதுதான் அதன் விறைப்பு. 4 கிலோ ஸ்பிரிங் 10 மில்லிமீற்றர் அமுங்க 40 கிலோ வேண்டும்.

விறைப்பு கூடினால் வளைவில் கார் குறைவாகச் சாயும். சரி, அப்படியென்றால் 10 கிலோ ஸ்பிரிங்கே போடலாமே? திருகோணமலையில், கொட்டியாரக் குடாவில் வள்ளத்தில் நிற்பவரின் முழங்காலைப் பாருங்கள். அலை தூக்கும்போது மடியும், இறங்கும்போது நீளும்; பாதம் பலகையை விடாது. காலை விறைத்து நின்றால் தூக்கி எறியப்படுவார். டயரும் அப்படித்தான். பள்ளத்துக்குள் இறங்காமல் ஒரு கணம் காற்றில் தொங்கும் டயருக்குப் பிடிப்பே கிடையாது. பந்தயத் தடம் வழவழப்பானது, அங்கே விறைப்பு செல்லும். பள்ளம் மேடான நம் ஒழுங்கைகளில் செல்லாது.

காருடன் வந்த ஸ்பிரிங்கை விடக் கால் பங்கு கூட்டினால் வீதிக்குப் போதும் என்பது என் கணிப்பு. அப்புறம், ஷொக் அப்சோபரும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மேட்டில் ஏறி இறங்கிய கார் இரண்டு மூன்று தரம் துள்ளும்.

தாழ்ந்து நிற்கும் கார் என்றால் விறைப்பான ஸ்பிரிங் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் நீளத்தைக் குறைத்தும் காரைத் தாழ்த்தலாம், விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் தடிப்பும் சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும்தான்.