வரையாட்டைப் படமெடுப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொஞ்ச காலமாகக் காட்டுயிர்ப் படங்கள் எடுத்து வருகிறேன். போன மாதம் வால்பாறை போகும் வழியில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், சாலையோரச் சுவர்மேல் ஒரு வரையாடு நின்றது. ஐந்தடி தூரம்வரை போய் எடுத்தேன். கண்மணி, கொம்பின் வரி எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கிறது. ஆனாலும் ஏதோ குறைகிறது. நண்பர்கள், “இதெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரிய லென்ஸ் வாங்கு, கர்நாடகத்துக் கபினி காட்டுக்குப் போய்ச் சிறுத்தை எடு” என்கிறார்கள். என்னிடம் இருப்பது 70-300 எம்.எம். ஜூம் லென்ஸ். கடன் வாங்கி 600 எம்.எம். வாங்கலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். துல்லியத்தில் ஒரு குறையும் இல்லை. படத்தில் மலைதான் இல்லை. முகமும் கொம்பும் படச்சட்டம் முழுக்க நிறைந்திருக்கின்றன, பின்னால் மங்கலான பச்சை. உயிரியல் பூங்காவில் எடுத்தது என்று சொன்னாலும் நம்பிவிடலாம்.

வரையாட்டை அதன் இடத்திலிருந்து பிரித்துக் காட்டவே கூடாது என்பது என் எண்ணம். செங்குத்துப் பாறையும் அதையொட்டிப் புல்வெளியும் இருக்கும் இடம்தான் அதன் வீடு. மேய்வது புல்லில், ஆபத்து என்றால் ஓடுவது பாறைக்கு. சிறுத்தையும் செந்நாயும் பின்தொடரத் தயங்கும் விளிம்பில் குட்டியோடு நின்றுகொண்டிருக்கும். நீலகிரியிலிருந்து கன்னியாகுமரி மலைகள்வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்தில், அதுவும் துண்டு துண்டாக, இவ்வளவுதான் அதன் உலகம். வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வாழ்வதில்லை. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்தவை 1,031. புல்வெளிகளில் நட்ட சீகை (வாட்டில்) மரங்களும் யூகலிப்டஸும் பரவி அதன் மேய்ச்சல் நிலத்தைத் தின்றுவிட்டன. சிறுத்தை எடுங்கள், நல்லதுதான். ஆனால் ஆப்பிரிக்காவிலும் சிறுத்தை உண்டு. உங்கள் ஊரிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய இந்த விலங்கை, “யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்” என்று உங்கள் நண்பர்கள் தள்ளுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதே தமிழ் மண்ணில் மா. கிருஷ்ணன் இருந்திருக்கிறார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று அமைத்துக்கொண்ட கருவியில், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மேன்’ இதழில் பத்தி எழுதினார். அணிலும் காக்கையும்கூட அவருக்கு எழுதத் தகுந்த பொருள்கள்தான். அரிய விலங்கைத் தேடிப் போவதைவிட, இந்த மண்ணின் விலங்கை விடாமல் கவனிப்பதுதான் பெரிது என்று அவரை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அப்புறம், அந்த ஐந்தடி. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அந்த வளைவில் வரையாடுகள் மனிதர்களைக் கண்டு விலகாமல் நிற்பதற்குக் காரணம், நாம் அவற்றைப் பழக்கிவிட்டோம். காரை நிறுத்தி சிப்ஸ் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொம்பைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு கைதானவர்களும் உண்டு. பழகிய விலங்கு வண்டிச் சத்தத்துக்கு ஒதுங்காது, வளைவில் திரும்பும் பேருந்துக்கும் ஒதுங்காது. நீங்கள் எதுவும் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் ஐந்தடிக்கு வரும் ஒவ்வொருவரும் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார். அது மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதென்றால், நீங்கள் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள். பின்னால் போய்விடுங்கள். அது மறுபடி புல்லில் வாய் வைக்கும் தூரம்தான் உங்கள் தூரம்.

அந்தத் தூரத்துக்கு 70-300 தாராளம். ஆடு படச்சட்டத்தில் சிறியதாக விழட்டும், பாறையும் சரிவும் கீழே பள்ளத்தாக்கும் உள்ளே வரட்டும். தூரத்துப் பாறையை நடுப்பகலில் எடுத்தால் 600 எம்.எம். லென்ஸிலும் கானல் அலைதான் விழும். காலையும் மாலையும்தான் அவை மேயும் நேரம், வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும். அதனால் கடன் வேண்டாம்.

மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். இணை சேரும் பருவம் அது. வளர்ந்த கிடாக்கள் கருத்து, முதுகில் வெள்ளிச் சேணம் போட்டதுபோல நிற்கும். பின்னால் வெண்மூடுபனி இருந்தால் கேமரா ஏமாந்து கிடாவை வெறும் கரிய உருவமாக்கிவிடும், எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் ஒளியளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டிக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை குட்டி ஈனும் காலம். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவையே பிப்ரவரி, மார்ச்சில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். சாலையோரத்துக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. அதனால் அந்த மாதங்களில் குட்டியோடு நிற்கும் ஆட்டைக் கண்டால், வண்டியை நிறுத்தாமல் போய்விடுங்கள்.