மரம் நட்டுப் படம் எடுப்பதைத் தவிர, காலநிலை மாற்றத்துக்கு நம் பிரதேச சபை, நகர சபைகளால் ஏதாவது செய்ய முடியுமா?

கேள்வியைப் பார்த்தால் அப்படியொரு படத்தில் நீங்களும் நின்றிருக்கிறீர்கள் போலிருக்கிறது. நானும் நின்றேன். திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் நாங்கள் நட்ட கன்றுகளை ஒரு கிழமைக்குள் கோட்டைப் பக்கத்து மான்கள் தின்று முடித்தன. இந்த ஊரில் மான் தெருவில் திரியும் என்பது கன்று வாங்கியவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று இன்றுவரை விளங்கவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். செய்ய முடியும். ஆனால் மின்சாரமோ கடலரிப்போ சபையின் கையில் இல்லை. எங்கள் மாவட்டத்துச் சம்பூருக்கு வரவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டதுகூட மேலிடத்து முடிவுதான். குளம் ஒரு திணைக்களத்துக்கு, பெரிய வீதி ஒரு அதிகார சபைக்கு. சபைக்கு மிஞ்சுவது குப்பை, ஒழுங்கை, தெருவிளக்கு, கட்டட அனுமதி, மழைத் தண்ணீர் வடிந்தோடும் கான். எனக்குத் தெரிந்தது கான்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. ஒரு பாகை சூடு கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், பிறகு பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியபோது ஒழுங்கையே என்னிடம்தான் விளக்கம் கேட்டது. பயந்த அளவுக்கு எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் பெயர்கூட வைக்காத ஒரு சாதாரண மழைதான் வீட்டுக்குள் வந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண அல்பம் போனது. தண்ணீர் வடிய இரண்டு நாள்.

விட்டேனா! பதினான்கு வீட்டுக் கையெழுத்தோடு சபைக்கு மனு கொடுத்தேன். எந்தச் சபை என்று எழுதமாட்டேன், அங்கே பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். மூன்றாவது மனுவுக்குப் மண் தோண்டும் பெக்கோவோடு ஆட்கள் வந்தார்கள். ஒழுங்கை முழுக்க வேடிக்கை பார்க்க நின்றது. கானின் மேல் போட்டிருந்த சிலாப்புகளை ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டு வந்த மேற்பார்வையாளர் என் கேற்றடியில் நின்றார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. அடைப்பு உங்கட சிலாப்புக்குக் கீழதான்."

உண்மைதான். 2009இல் கேற் வைத்தபோது மேசன் அங்கே ஆறு அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்து மேலே கொங்கிறீட் போட்டார். அனுமதி எடுக்கவில்லை. ஒழுங்கையில் ஒருவரும் எடுக்கவில்லை என்பது என் தரப்பு நியாயம். குழாய்க்குள் சோறு கட்டும் பிளாஸ்டிக் லஞ்ச் ஷீற், தேங்காய் மட்டை, யாரோ பிள்ளையின் டயப்பர். லஞ்ச் ஷீற் 2017 செப்டம்பரிலேயே தடைசெய்யப்பட்டது, அந்தத் தடையை என் கானுக்கு யாரும் அறிவிக்கவில்லை போலும். சபை பெரிய கொங்கிறீட் கியூம் குழாய் இரண்டு தந்தது, கூலி நான் கொடுத்தேன். அடுத்த மாரியில் தண்ணீர் சில மணித்தியாலத்தில் இறங்கியது.

"ஒரு கானைக் காட்டிக் காலநிலை என்கிறாயா" என்று கேட்க ஆள் வரும், தெரியும். குப்பையைப் பிரித்துப் பசளையாக்கினால் சூட்டைக் கூட்டும் மீதேன் வாயு குறையும் என்பதும் தெரியும், அதை வேறு யாராவது எழுதட்டும். முன்னைய மழைக்கு அளந்து வெட்டிய கானில் இன்றைய மழை அடங்காது. அதை அகலமாக்க எங்களுக்குச் சபையை விட்டால் வேறு ஆளில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. காசில்லை என்று தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மே 6ஆம் திகதிதான் வைத்தார்கள். இடையில் இரண்டு மாரி, ஏசுவதற்குக்கூட ஒரு உறுப்பினர் இல்லை. அந்த இடைவெளியில்தான் கீழ்ப்பக்கம் மழைத் தண்ணீர் தங்கும் தாழ்ந்த காணியில் கிறவல் கொட்டி, மதில் கட்டினார்கள். அனுமதி கொடுத்தது எங்களுக்குக் குழாய் தந்த அதே சபையின் அலுவலகம். இப்போது என் வீட்டுத் தண்ணீர் அடுத்த ஒழுங்கையில் தேங்குகிறது. அங்குள்ளவர்கள் கோயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். நான் என்ன செய்ய?

பெரிய வீதி மதகை அகலமாக்கச் சொல்லி ஒரு அலுவலகத்துக்கும் எழுதினேன். தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். ஓட்டோக்காரத் தம்பியிடம் கொடுத்து வாசிப்பித்தால், கடிதம் கிடைத்தது என்று மட்டும் எழுதியிருந்ததாம். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, மன்னிக்கவும்.

புது உறுப்பினர் வந்து பார்த்துப் போயிருக்கிறார். அடுத்த ஒழுங்கைக்காரருக்கு இந்த முறை மனு எழுதிக் கொடுத்ததும் நான்தான். முதலில் உங்கள் சிலாப்புகளைக் கிளப்பிப் பாருங்கள் என்று சொன்னேன். இன்னும் ஒருவரும் கிளப்பவில்லை.