ஒரு வாரம் பேஸ்பால் முகாம்: மகளை அனுப்பட்டுமா?

கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கிறோம். வந்து 9 வருடம் ஆகிறது. கணவர் ஐ.டி.யில் வேலை பார்க்கிறார். எனக்கு எச்-4 விசா, அதாவது அவர் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கொடுப்பது, இன்னும் வேலை அனுமதி வரவில்லை. ஒரே மகள், 8 வயது.

ஜூன் கடைசி வாரத்தில் அவளை ஒரு பேஸ்பால் முகாமில் சேர்த்திருக்கிறார் கணவர். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 மணிக்கு விட்டுவிட்டு 3 மணிக்குப் போய்க் கூட்டி வர வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு நேரத்தில் ஆடிப் பார்த்து இவளுக்குப் பிடித்துவிட்டது. அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், அவர் ராத்திரியோடு ராத்திரியாக 350 டாலர் கட்டிவிட்டார். மறுநாள் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே தெரியும்.

அந்தப் பந்தை நீங்கள் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கல் மாதிரி இருக்கிறது. மற்ற பிள்ளைகள் எல்லாம் நாலைந்து வயதிலேயே டீ-பால் என்று ஆரம்பித்தவர்கள். ஒரு குச்சியின் மேல் பந்தை வைத்து அடிக்கப் பழகுவார்கள், அது. இவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆண் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள் என்று வேறு சொல்கிறார்கள். மாமியார் வீடியோ காலில், “பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு, வெயிலில் கறுத்துப் போவா” என்கிறார். மகனிடம் சொல்லாமல் என்னிடம் சொல்கிறார். சேர்த்தது நானா? பணம் கட்டியது அவர், பேச்சு வாங்குவது நான்.

வேலை முழுக்க என் தலையில்தான். டாக்டரிடம் கையெழுத்து, தடுப்பூசி அட்டை, தொப்பி, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றிலும் பெயர் ஒட்ட வேண்டும், வீட்டிலேயே சன்ஸ்கிரீன் தடவி அனுப்ப வேண்டும், சாப்பாட்டில் வேர்க்கடலை, முந்திரி எதுவும் இருக்கக் கூடாது. இவள் தயிர்சாதம் தவிர எதுவும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டாள். அவசரத் தொடர்புக்கு என்று ஒரு படிவம், அதில் பெற்றோர் தவிர இரண்டு பேருடைய பெயர், போன் நம்பர், உறவு எல்லாம் கேட்டிருக்கிறார்கள். கணவர் தன் ஆபீஸ் நண்பர் ஒருவரைப் போடச் சொன்னார், அவரை நான் பார்த்ததுகூட இல்லை. இரண்டாவது வரி காலியாகவே இருக்கிறது. சரி, அது கிடக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டுமாம்.

கிளவ், அதுதான் பந்து பிடிக்கக் கையில் மாட்டும் தோல் உறை, அந்த விஷயம்தான் என் மனதை ரொம்ப நோகடித்தது. எதிர் வீட்டில் ஒரு வயதான அமெரிக்க அம்மா இருக்கிறார். வாசலில் இவள் சுவரில் பந்தை எறிந்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு, தன் மகன் சின்ன வயதில் போட்ட கிளவ் என்று ஒரு பழையதைக் கொண்டு வந்தார். தோல் எல்லாம் கறுத்து, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. இவள் உடனே கையில் மாட்டிக்கொண்டு மூடி மூடித் திறந்தாள். மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. நாங்கள் என்ன வாங்க வக்கில்லாதவர்களா? ஊரில் நான் வங்கியில் வேலை பார்த்தவள். யாரிடமும் கை நீட்டியதில்லை. அவள் கையிலிருந்து கழற்றி, தேங்க்ஸ் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே கடைக்குப் போய் 45 டாலருக்குப் புதிதாக வாங்கினேன். அது பலகை மாதிரி விறைப்பாக இருக்கிறது. இவளால் மூடவே முடியவில்லை, பந்து பட்டுத் தெறித்துப் போகிறது. இப்போது அதைத் தொடுவதே இல்லை. அப்படிப்பட்டவளை எப்படி முகாமுக்கு அனுப்புவது?

முதல் நாள் பார்க்கிங்கிலேயே காரில் உட்கார்ந்திருக்கலாமா என்று பார்க்கிறேன். அங்கே ஒரு மேப்பிள் மரம் இருக்கிறது, நிழல் இருக்கும். வீட்டுக்கு வந்து மட்டும் என்ன செய்யப் போகிறேன்.

பள்ளியில் எறிபந்து டீமில் இருந்தவள் நான், விளையாட்டு வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை. என்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருந்தால் இத்தனை மனக்கஷ்டம் இல்லை. இந்த வருடம் வேண்டாம் என்று பணத்தைத் திருப்பிக் கேட்கட்டுமா, அனுப்பட்டுமா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்

அன்புச் சகோதரிக்கு,

அனுப்புங்கள். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள், சுவரில் எறிந்து தானாகவே பழகிக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் தயக்கம் எதுவும் இருப்பதாக உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

உங்களைக் கேட்காமல் பணம் கட்டியது கணவரின் தவறு. மூன்று இடத்தில் அதை எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு முறை, சண்டையாக இல்லாமல், நேராகச் சொல்லிவிடுங்கள். மாமியார் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான், போனை அவர் கையில் கொடுங்கள். இதற்கு மேல் அந்த இரண்டுக்கும் இங்கே இடம் ஒதுக்க நான் விரும்பவில்லை. “சரி, அது கிடக்கட்டும்” என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்தப் படிவத்தை எதற்காகக் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, நீங்களும் கணவரும் போனை எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதற்காக. பெயர் கொடுக்காத ஆளிடம் பிள்ளையை விட மாட்டார்கள். நம் ஊரில் இப்படி ஒரு கேள்வியை யாரும் எழுத்தில் கேட்டதில்லை, கேட்க வேண்டி வந்ததுமில்லை. பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டால் எதிர் வீட்டு அக்காவோ, பூக்கார அம்மாவோ கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுவார்கள். நீங்கள் அப்படி வளர்ந்தவர். 9 வருடம் கழித்து, ஒரு காகிதம் உங்களிடம் இரண்டு பேரைக் கேட்கிறது, ஒருவர்கூட மனதில் வரவில்லை. அந்த இடத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்களோ. பந்து கல் மாதிரி இருக்கிறது, வெயில், தயிர்சாதம் என்று நீங்கள் எழுதியிருக்கும் பயங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பயம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால் எங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? நியாயமான பயம் அது. ஆனால் முகாமை ரத்து செய்தால் அந்த வரி நிரம்பிவிடாது.

இனி சொல்லப் போவது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும்.

கல்யாணமாகி வந்தபோது உங்கள் அம்மா தன் தோசைக்கல்லைக் கொடுத்திருந்தால், பழசு என்று திருப்பிக் கொடுத்திருப்பீர்களா? புதுக் கல்லில் தோசை ஒட்டும். எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, நாள்கணக்கில் பழக்க வேண்டும். பழகின கல்லை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள், மனதுக்கு வேண்டியவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். பேஸ்பால் கிளவும் அப்படியே. கடையில் வாங்கும்போது தோல் விறைத்திருக்கும். நடுவில் ஒரு பந்தை வைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க வைப்பார்கள். கிளவுக்கென்றே இருக்கும் எண்ணெயை ஒரு சொட்டு உள்ளங்கைப் பக்கம் தேய்ப்பார்கள். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கேட்ச் பிடித்துப் பிடித்துத்தான் அது கைக்கு மடங்கி வரும். வாரக்கணக்கில் ஆகும். 8 வயதுக் கைக்கு அந்த வலு எங்கே இருக்கிறது?

அந்த அம்மா கொண்டு வந்தது அவர் மகன் தன் கையால் பழக்கிய கிளவ். பிள்ளை வளர்ந்து போன பிறகும் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். உங்கள் மகள் சுவரில் பந்து எறிவதைப் பார்த்து, இத்தனை வருடம் வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். மகள் அதை மாட்டியதும் மூடி மூடித் திறந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மூடியது, பாருங்கள். 45 டாலர் கிளவ் மூடவில்லை. அவள் இப்போது தொடாமல் இருப்பது விளையாட்டு பிடிக்காததால் என்று நான் நினைக்கவில்லை. கைக்குப் பொருந்தியதை அம்மா கழற்றித் திருப்பிக் கொடுத்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தவள் அவள்.

நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. வங்கியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர், 9 வருடமாக ஒரு டாலர் சம்பாதிக்கச் சட்டம் இடம் கொடுக்காத விசாவில் இருக்கிறீர்கள். பால் வாங்குவதுகூடக் கணவரின் கார்டில். அப்படி இருப்பவருக்கு வெளியாள் கையிலிருந்து ஒரு பழைய பொருளை வாங்குவது நெருப்பைத் தொடுவது போலத்தான் இருக்கும். உங்கள் சுயமரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் காவல் வைத்து, வருகிறவர்களை எல்லாம் வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தால், படிவத்தில் எழுதப் பெயர் எங்கிருந்து வரும்? இந்தக் கிளவுக்கு முன்னால் இதேபோல் யார் யாரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பள்ளி வாசலில் பேச்சுக் கொடுத்த ஒரு தாய், பிறந்தநாளுக்கு அழைத்த ஒரு குடும்பம். இருந்திருப்பார்கள்.

இன்று மாலையே எதிர் வீட்டுக்குப் போங்கள். தேங்காய் பர்பியோ, மெதுவடையோ, நீங்கள் நன்றாகச் செய்வது எதுவோ அதைக் கையில் கொண்டு போங்கள். மகளும் கூட வரட்டும். “அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், தப்புதான். அந்தக் கிளவ் இன்னும் இருக்கிறதா? புதியதை எப்படிப் பழக்குவது என்று சொல்லித் தருவீர்களா?” இவ்வளவு கேட்டால் போதும். பெரிய மன்னிப்பு எதுவும் வேண்டாம். அடுத்து, படிவத்தை எடுத்து, உங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தில் இப்படிக் கேட்பது அங்கே வழக்கம்தான், அதைக் கை நீட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவேளை அவரால் முடியாது என்றால் அதையும் இயல்பாக எடுத்துக்கொண்டு, மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயைக் கேளுங்கள். முதல் ஆளிடம் கேட்பதுதான் கஷ்டம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸ்பால் பந்து சுமார் 142 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு. சின்னப் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் மென்மையான பந்தையே கொடுக்கிறார்கள், முகாமில் எது என்று கேட்டுவிடுங்கள். மட்டை பிடிக்கும்போது இரண்டு காதையும் மூடும் ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். தயிர்சாதத்தை ஐஸ் பை வைத்துக் கட்டுங்கள், அது அவளுக்குப் போதும்.

பெண் பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்விக்கு உங்கள் மாநிலமே பதில் சொல்லியிருக்கிறது. 1972-இல் நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் ஊரில் மரியா பெப்பே என்ற சிறுமி, லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் அணி ஒன்றில் சேர்ந்து மூன்றே ஆட்டம் ஆடினாள். பெண் என்பதற்காக அவளை நீக்க வைத்தார்கள். வழக்கு நடந்து, 1974-இல் லிட்டில் லீக் பெண் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. அதற்குள் மரியாவுக்கு வயது தாண்டிவிட்டது, அவளால் ஆட முடியவில்லை. உங்கள் மகள் 8 வயதில் போகிறாள்.

எறிபந்து ஆடிய கை உங்களுக்கு இருக்கிறது. கணவருக்குக் காத்திருக்காமல், சாயங்காலம் பத்து நிமிடம் நீங்களே டென்னிஸ் பந்தை எறிந்து கொடுங்கள். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்குக் கிளவின் விரல்கள் வானத்தைப் பார்க்கட்டும், கீழே வருவதற்குத் தரையைப் பார்க்கட்டும். பிடித்ததும் அடுத்த கை வந்து மூடட்டும். இரண்டு கையாலும் பிடித்துப் பழகிய உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சிரமமே இல்லை. விட்டுவிட்டால் எடுத்து எறியச் சொல்லுங்கள், வேறு பேச்சு வேண்டாம்.

பார்க்கிங்கில் உட்காராதீர்கள். மைதானத்திலிருந்து உங்கள் கார் தெரிந்தால், பந்து வரும்போதெல்லாம் அவள் கண் மேப்பிள் மரத்துப் பக்கம் போகும். கண்ணைப் பந்திலிருந்து எடுக்காதே என்பதுதான் கோச் அவளுக்குச் சொல்லும் முதல் பாடமாக இருக்கும். விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். முதல் நாள் அந்த ஆறு மணி நேரம் நீளமாகத்தான் இருக்கும், அழுகைகூட வரலாம். வரட்டும். பதினோரு மணி வாக்கில் எதிர் வீட்டு அம்மாவைக் காபிக்குக் கூப்பிடுங்கள். நம் டிகாக்‌ஷன் காபி.

கடிதம் முழுக்க அவரை “ஒரு வயதான அமெரிக்க அம்மா” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டிச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். உறவு என்று கேட்டிருக்கும் இடத்தில் எதிர் வீடு என்று போட்டால் போதும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்