அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருந்து ஆய்வில் சேரலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. நுரையீரல் புற்றுநோய், இரண்டாம் நிலை (ஸ்டேஜ் 2) என்று கண்டறிந்து, நுரையீரலின் ஒரு மடலை (பகுதியை) அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். கட்டி முழுவதுமாக அகற்றப்பட்டுவிட்டது என்றே அறிக்கை சொல்கிறது. ஆனாலும் கீமோதெரபி வேண்டும் என்கிறார்கள். அதன் பின் ஒரு மருந்து ஆய்வில் சேரலாம், அதில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரைதான் கிடைக்கும் என்கிறார்கள். நல்ல மருந்து என்றால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதுதானே? அப்பாவைச் சோதனைக்கு உட்படுத்த மனம் வரவில்லை.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. கண்ணுக்குத் தெரிந்த கட்டியை அகற்றிய பின்னும், எந்த ஸ்கேனிலும் தென்படாத சில செல்கள் இரத்தத்திலோ நிணநீரிலோ தங்கியிருக்கக்கூடும். நோய் திரும்புவது பெரும்பாலும் அவற்றால்தான். அவற்றை அழிக்கவே கூடுதல் மருந்து. இதன் பலன் உண்மையானது, ஆனால் அளவானது. 4,584 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆய்வின்படி, சிஸ்பிளாட்டின் என்ற மருந்து அடங்கிய கீமோதெரபியால், ஐந்தாண்டு கடந்து உயிர்வாழ்வோர் நூறு பேருக்கு ஏறத்தாழ 5 பேர் கூடுதலாயினர்.

நல்ல மருந்தை எல்லோருக்கும் கொடுக்கலாமே என்று கேட்கிறீர்கள். அது நல்ல மருந்துதானா என்பதே ஆய்வு முடியும்வரை ஒருவருக்கும் தெரியாது. முற்றிய நோயில் பலனளித்த ஜெஃபிட்டினிப் மாத்திரையை, கட்டியில் மரபணு மாற்றம் உள்ளதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், அறுவைச் சிகிச்சை முடிந்த 503 பேரிடம் சோதித்தபோது, மருந்தில்லாத மாத்திரையை விட அது எவ்விதத்திலும் மேலாக இருக்கவில்லை. கீமோதெரபியுடன் பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சேர்த்தும் ஆயுள் நீளவில்லை. நோய் திரும்பாமல் தடுக்க 2,200-க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்ட ஒரு தடுப்பூசியும் தோற்றது. இம்மூன்றையும் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் கொடுத்திருந்தால், பலனற்ற மருந்துகளின் பக்கவிளைவுகளை இன்றுவரை நோயாளிகள் சுமந்துகொண்டிருப்பார்கள். மருந்தில்லாத மாத்திரை பெறுபவரும் கைவிடப்படுவதில்லை. வழக்கமான சிகிச்சையும் தொடர் பரிசோதனையும் அவருக்கும் உண்டு.

வென்ற ஆய்வையும் சொல்ல வேண்டும். இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றங்கள் உள்ள 682 பேரில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு பாதியினருக்கு ஓசிமெர்டினிப் மாத்திரையையும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத மாத்திரையையும் மூன்றாண்டுகள் வரை கொடுத்துப் பார்த்த அடாரா ஆய்வில், பலன் மிகத் தெளிவாக இருந்ததால் 2020-இலேயே, திட்டமிட்டதற்கு முன்பாக, முடிவுகள் வெளியிடப்பட்டன. இரண்டாம் நிலையிலும் மூன்றாம் நிலையின் முதற்பகுதியிலும் இருந்தவர்களில், மாத்திரை பெற்றோரில் 85 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 73 விழுக்காட்டினரும் ஐந்தாண்டு கடந்து உயிருடன் இருந்தனர். மற்ற குழுவினருக்கு நோய் திரும்பியபோது அனைவருக்கும் அதே மருந்து கிடைக்கவில்லை, அதனால் வேறுபாடு பெரிதாகத் தெரியக்கூடும் என்ற விமர்சனம் உண்டு. அதை நான் புறந்தள்ளவில்லை. ஆயினும் இம்மருந்து இன்று ஏற்கப்பட்ட சிகிச்சை. ஏஎல்கே மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அலெக்டினிப் நோய் திரும்புவதை வெகுவாகக் குறைத்ததாக 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே, கையெழுத்திடும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அகற்றிய திசுவில் இவ்விரு மரபணுக்களும் பரிசோதிக்கப்பட்டனவா என்பதே. இஜிஎஃப்ஆர் மாற்றம் ஆசியர்களிடம், குறிப்பாகப் புகைபிடிக்காதவர்களிடம், அதிகம் காணப்படுகிறது. அது உங்கள் தந்தைக்கு இருந்து, ஆய்வில் ஒரு குழுவுக்கு மருந்தில்லாத மாத்திரை மட்டுமே தரப்படும் என்றால், அதில் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. மாற்றம் எதுவும் இல்லையெனில், ஆய்வைத் தயங்காமல் பரிசீலியுங்கள்.

கேள்வி: ஆய்வில் சேர்ந்தால் இடையில் விலக முடியுமா? பாதிப்பு ஏற்பட்டால் செலவு யாருடையது?
– வாசகர், சேலம்

பதில்: எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். ஆய்வின் பதிவு எண்ணும், ஆய்வை மேற்பார்வையிடும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரமும் அதில் உள்ளனவா என்று பாருங்கள்.