ஓட்டத்துக்கு முன் ஓய்வு: குறைக்க வேண்டியது தூரமா, வேகமா?

கேள்வி: உப்புவெளியில் வசிக்கிறேன், வயது 33, தாதிய உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். இன்னும் 19 நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் முதன்முறையாக அரை மரதன் ஓட இருக்கிறேன். ஐந்து மாதங்களாக வாரத்தில் ஐந்து நாள், ஏறத்தாழ 48 கிலோமீற்றர் ஓடிவருகிறேன். கடந்த இரண்டு வாரமாகக் கால் கனக்கிறது, பழைய வேகத்துக்கே மூச்சு வாங்குகிறது, உறக்கமும் சரியில்லை. கூட ஓடுபவர்கள் இப்போதுதான் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்கிறார்கள். அம்மாவோ போட்டி வரைக்கும் ஓடவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, ஐயா? இரண்டு வாரப் பயிற்சிக் குறிப்பையும் இத்துடன் அனுப்பியுள்ளேன்.

பதில்: இருவரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அம்மா சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவர் சொல்வதுபோல் 19 நாளும் முற்றாக நிறுத்திவிடத் தேவையில்லை. முற்றாக நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும். இரண்டு மூன்று வாரம் கழியும்போது உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறனும் இறங்கிவிடும். இன்னொரு பக்கம், கடும் பயிற்சியொன்றின் பலன் உடலில் சேர்வதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை எடுக்கும் என்பதால், போட்டிக்கு முந்திய பத்து நாளில் நீங்கள் வருந்தி ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் களைப்பை மட்டுமே கொண்டுவந்து சேர்க்கும். பயிற்சியின்போது தசை நார்கள் நுண்ணளவில் சேதமடைகின்றன, தசையில் எரிபொருளாகச் சேமித்திருந்த மாச்சத்தான கிளைக்கோஜன் செலவாகிறது. இவற்றைச் சீர்செய்து முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டியெழுப்பும் வேலையை உடல் ஓய்விலும் உறக்கத்திலும்தான் செய்கிறது.

எதைக் குறைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். களைப்பாக இருக்கிறதென்று எல்லா ஓட்டத்தையும் மெதுவாக்கிவிட்டு, தூரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய துறைகளில் நடந்த 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2007ஆம் ஆண்டில் வெளியான பகுப்பாய்வொன்று, சுமார் இரண்டு வாரத்துக்குப் பயிற்சியின் மொத்த அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தையும் வாரத்தில் பயிலும் நாட்களின் எண்ணிக்கையையும் அப்படியே வைத்திருந்தவர்களே கூடிய பயன் பெற்றார்கள் என்று காட்டியது. பொதுவாகக் கிடைக்கும் முன்னேற்றம் இரண்டு மூன்று சதவீதம்தான். சிறிதாகத் தோன்றும் இந்த எண்ணை உங்கள் இலக்கான 2 மணி 10 நிமிடத்தில் வைத்துப் பாருங்கள்: ஏறத்தாழ மூன்று நிமிடம். ஐந்து மாதம் ஓடி முடித்த பிறகு, வெறுமனே தூரத்தைக் குறைப்பதால் மட்டும் கிடைக்கும் மூன்று நிமிடம் அது.

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாட்டோபெக்கைப் பற்றி ஓட்டக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று இங்கே பொருந்தும். பயிற்சியில் அவரைப்போல் உடலை வருத்தியவர்கள் குறைவு. 1950இல் பிரசெல்ஸ் நகரில் நடந்த ஐரோப்பிய வல்லவர் போட்டிக்கு முன்பு உணவு நஞ்சாகி வைத்தியசாலையில் கிடந்தவர், போட்டிக்குச் சற்று முன்னர்தான் வெளியே வந்தார் என்பார்கள். 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் அவரே வென்றார். நோய் தந்த பலன் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தானாக ஒருபோதும் எடுத்திராத ஓய்வை நோய் அவருக்குக் கட்டாயமாக்கியது, அவ்வளவே.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன். இரண்டு வாரத்தில் நான்கு நாட்கள், இரவுக் கடமை முடிந்து சீருடையை மாற்றிக்கொண்டு நேரே ஓடப் போயிருக்கிறீர்கள். கடந்த ஞாயிறு நிலாவெளி வீதியில் போய்த் திரும்பிய 20 கிலோமீற்றரும் அப்படி ஓடியதுதான். அதன் கீழே “கடைசி ஐந்தும் கிலோமீற்றருக்கு ஏழு நிமிடத்துக்கு மேல், கச்சான் காற்று, சட்டை முழுக்க உப்புக் கோடு” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்த காலை நாடித்துடிப்பைத்தான் நான் முதலில் பார்த்தேன். 56, 55, 57 என்று வந்துகொண்டிருந்தது, இரண்டாம் வாரத்தில் 62, 64 என ஏறி அங்கேயே நிற்கிறது. ஒரு நாள் ஏறினால் காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு வாரம் இறங்காமல் நின்று, உறக்கமும் கெட்டு, ஓட்டமும் மந்தமானால், உடலால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். நின்றபடி விழித்திருந்த பத்து, பன்னிரண்டு மணி நேரத்தை உங்கள் பயிற்சி அட்டவணை கணக்கில் எடுக்கவில்லை. உடல் எடுத்திருக்கிறது.

ஆகவே இன்றும் நாளையும் ஓட வேண்டாம். வியாழன் 5, வெள்ளி 6 கிலோமீற்றர், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் போதும். சனி ஓய்வு. ஞாயிறன்று நீங்கள் திட்டமிட்டிருந்த 24 கிலோமீற்றரை 15 ஆக்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். இதற்குள் நாடித்துடிப்பு 57, 58 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் இரண்டு நாள் ஓய்வெடுங்கள், அதனால் நீங்கள் இழக்கப்போவது ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் பழையபடி ஐந்து நாளும் ஓடலாம், ஆனால் மொத்தம் 28 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. செவ்வாய்தோறும் மெக்கெய்சர் விளையாட்டரங்கில் 800 மீற்றரை 4 நிமிடம் 25 வினாடிக்கு ஆறு தடவை ஓடுகிறீர்கள் அல்லவா, அதே வேகத்தில் மூன்று தடவை ஓடி நிறுத்துங்கள். கால் கலகலப்பாக இருந்தாலும் நான்காவது வேண்டாம். ஞாயிறு 10 கிலோமீற்றர், அதில் நடுவிலுள்ள மூன்றைப் போட்டி வேகமான 6 நிமிடம் 10 வினாடிக்கு ஓடிப் பாருங்கள். போட்டி வாரத்தில் செவ்வாய் 5, அதற்குள் இரண்டு 800 மீற்றர். புதன் 4, வியாழன் 3, சனிக்கிழமை காலை உடலை உசுப்புவதற்காக 2 கிலோமீற்றர்.

இந்த வாரங்களில் மனம் படுத்தும் பாட்டையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாத முழங்கால் வலி வரும், எல்லாம் மறந்துபோனதுபோல் இருக்கும், ‘ஒரு தடவை முழுத் தூரத்தையும் ஓடிப் பார்த்தால் என்ன’ என்று தோன்றும். என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் போட்டிக்கு எட்டு நாள் இருக்கையில், மழையால் விட்டுப்போன பயிற்சியை ஈடுசெய்யவென்று எனக்குச் சொல்லாமல் 21 கிலோமீற்றரை முழு வேகத்தில் ஓடினார். அன்று அவர் எடுத்த நேரம் பின்னர் போட்டியில் எடுத்ததைவிட ஏழு நிமிடம் குறைவு. சிறந்த ஓட்டத்தை யாரும் பார்க்காத ஒரு விடியற்காலையில் ஓடி முடித்துவிட்டார் என்று இன்றும் அவரைக் கேலி செய்வேன்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக: ஓட்டம் குறைகிறதென்று சோற்றைக் குறைக்க வேண்டாம். கடைசி இரண்டு நாளில் சோறு, இடியப்பம், பாண், கதலிப்பழம் ஆகியவற்றைச் சற்றுக் கூட்டி, எண்ணெயையும் உறைப்பையும் குறையுங்கள். ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்தே தசையில் தங்குவதால், தராசு ஒரு கிலோ கூட்டிக் காட்டினால் அதற்காகப் பயப்பட வேண்டாம். குரக்கனையும் பருப்பு வகைகளையும் போட்டிக்கு முதல் நாள் மட்டும் தவிர்த்தால் வயிறு தொந்தரவு தராது.

நாடித்துடிப்பு இறங்கிய பிறகும் மூச்சு வாங்குவது நிற்காவிட்டால், ஹீமோகுளோபினோடு, உடலில் இரும்புச்சத்துச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதித்துப் பாருங்கள். நீண்ட தூரம் ஓடும் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி காணப்படுவது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ அதை இன்னும் மோசமாக்கும். இடையில் காய்ச்சல் வந்தால் இந்த அட்டவணையை அப்படியே ஒதுக்கிவையுங்கள். டெங்கு இல்லையென்று உறுதியாகும் வரை ஓட்டமும் கூடாது, டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரையும் கூடாது என்பதை ஒரு தாதிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சனி இரவு பேருந்தில் ஏறி, ஞாயிறு விடியக் கொழும்பில் இறங்கி ஓடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளி பகலிலேயே புறப்பட்டு, இரண்டு இரவு அங்கே உறங்குங்கள். கடைசி இரவு பதற்றத்தில் உறக்கம் வராவிட்டாலும் முந்திய இரவின் உறக்கம் கைகொடுக்கும். அந்த வாரம் செவ்வாய்க்குப் பின் இரவுக் கடமை இல்லாதபடி சக ஊழியர் யாருடனாவது இப்போதே பேசி மாற்றிக்கொள்ளுங்கள். கடமைப் பட்டியலை ஒட்டிய பிறகு கேட்டால் யாரும் விட்டுத்தர மாட்டார்கள்.