கீமோவும் சிறுநீரகமும்: சுங்கை சிப்புட் மக்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் இந்த ஊர்த் தோட்டத்துப் பிள்ளை. இப்போது புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளர். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களின் வீட்டார் கேட்டவை இவை.

கேள்வி: அம்மாவுக்கு முதல் கீமோவுக்கு முன் கிரியேட்டினின் 58. இரண்டே நாளில் 88. தாளில் 'நார்மல்' என்றே இருக்கிறது. விட்டுவிடலாமா? (செம்பனை ஆலை ஊழியர்)

பதில்: விடாதீர்கள் தம்பி. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் சோர்ந்தால் அது ரத்தத்தில் ஏறும். 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 26.5 மைக்ரோமோல் ஏறினாலே அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. அம்மாவுக்கு 30 ஏறியிருக்கிறது. தாளில் உள்ள வரம்பு ஊருக்கே பொதுவானது. அம்மாவை அம்மாவின் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. காலமெல்லாம் பால் வெட்டி மெலிந்த உடம்பில் அது எப்போதும் குறைவாகவே காட்டும். பலருக்கு, வடிகட்டும் திறன் பாதி போன பிறகுதான் வரம்பைத் தாண்டும். இன்றே அழைத்துச் செல்லுங்கள், பழைய தாள்களோடு. முதல் கீமோவில் புற்றுச் செல்கள் மொத்தமாகச் சிதைந்தாலும் சிறுநீரகம் திணறும்; யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லிம்போமாவுக்கான ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டு ஏற்றிய மாலையே அப்பாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறதே?

பதில்: அது ஆர்-சாப்பில் உள்ள டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்தின் நிறம், அம்மா. ஓரிரு நாளில் தெளியும். அதற்கு மேல் நீடித்தாலோ, எரிச்சலோ காய்ச்சலோ இருந்தாலோ காட்டுங்கள்.

கேள்வி: சிறுநீரகத்தை நினைத்து எந்தக் கீமோ மருந்துக்கு அதிகம் பயப்பட வேண்டும்?

பதில்: அதிக அளவு மெத்தோட்ரெக்சேட், சிஸ்பிளாட்டின், ஐபோஸ்பமைடு. மெத்தோட்ரெக்சேட், அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் கரையாமல் படிகமாகி நுண்குழாய்களை அடைக்கும். அதனால்தான் நீரும் சோடியம் பைகார்பனேட்டும் ஏற்றி, சிறுநீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம் கூடுதல்) 7-க்குக் கீழே இறங்காமல் காவல் காக்கிறோம். ரத்தத்தில் மருந்தின் அளவையும் தொடர்ந்து அளக்கிறோம். அது இறங்கத் தாமதித்தால் ஆபத்து வாசலில் நிற்கிறது என்று பொருள். சிஸ்பிளாட்டின் மெக்னீசியத்தையும் வெளியேற்றிவிடும். முதுமை, நீரிழிவு, ரத்த அழுத்தம், ஏற்கெனவே சோர்ந்த சிறுநீரகம் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

கேள்வி: மூட்டுவலிக்கு அத்தை ஜாமு என்ற மூலிகை மருந்து வாங்கித் தந்தார். குடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சில ஜாமுக்களில் ஸ்டீராய்டும் வலிமருந்தும் கலந்திருந்தது ஆய்வில் பிடிபட்டிருக்கிறது. டைக்குளோபெனாக், ஐபுபுரோபென் போன்ற வலிமாத்திரைகள் மெத்தோட்ரெக்சேட்டை உடம்பிலேயே தங்க வைத்துவிடும். வீட்டில் உள்ள பொட்டலங்களையெல்லாம் ஒரு பையில் போட்டு எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள், யாரும் திட்டமாட்டோம்.

கேள்வி: சிறுநீரகம் பாதிக்கப்படும் என்று ஒரே சோதனையில் முன்கூட்டிச் சொல்ல முடியாதா?

பதில்: முடியாது, ஐயா. சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தச் சோதனை கிரியேட்டினினைப் போலத் தசையை அவ்வளவாகச் சார்ந்ததன்று, மெலிந்தவர்களுக்கு உதவும். ஆனால் அதுவும் தனியாகப் போதாது. வாந்தியால் தண்ணீர் இறங்கவில்லையா, சிறுநீர் குறைந்துவிட்டதா? அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே வார்டுக்குப் போன் செய்யுங்கள்.