ஒய் இருந்தால் போதுமா?

கேள்வி: பிறப்புறுப்பு தெளிவாக இல்லாத கைக்குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை கூடாது என்ற 2019 தமிழக அரசாணையைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ஒய் குரோமோசோம் இருந்தால் ஆண், இல்லையென்றால் பெண். ரத்தப் பரிசோதனை செய்து அதன்படி சரிசெய்துவிட வேண்டியதுதானே?

பதில்: பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நின்றுவிட்டீர்கள். ஏறக்குறைய ஆறாவது வாரம் வரைக்கும் எந்தக் கருவாக இருந்தாலும் அதில் இருப்பது ஒரே மாதிரிச் சுரப்பிதான், விந்தகமாகவும் ஆகலாம், சூலகமாகவும் ஆகலாம். பக்கத்திலேயே கருப்பையாகக்கூடிய குழாய், விந்து நாளமாகக்கூடிய குழாய் இரண்டும் இருக்கும். ஒய்யில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு (1990இல் கண்டுபிடித்தார்கள்) அந்தச் சுரப்பியை விந்தகத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. அப்புறம் நடப்பதெல்லாம் பெரும்பாலும் விந்தகத்தின் பாடு. அதில் சுரக்கும் ஒரு ஹார்மோன் கருப்பைக் குழாயைக் கரைக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மற்றக் குழாயைக் காப்பாற்றுகிறது.

இதை நிரூபித்தவர் பிரான்ஸின் அல்ஃப்ரெட் ஜோஸ்ட். தாய் முயலின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டியின் சுரப்பியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி தைத்துவிடுவார், எவ்வளவு நுணுக்கமான வேலை! 1947இல் அவர் வெளியிட்ட முடிவு: சுரப்பி இல்லாத குட்டிகள், ஆண் குரோமோசோம் கொண்டவை உட்பட, எல்லாமே பெண் உறுப்புகளோடு வளர்ந்தன.

சரி, விந்தகம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது, அது சொல்வது உடம்புக்குக் கேட்க வேண்டும். ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவுக்கு ஒய்யும் விந்தகமும் இருந்தன, ஆனால் டெஸ்டோஸ்டிரோன் சொன்னது அவர் உடம்புக்குக் கேட்கவே இல்லை, பெண்ணாகவே வளர்ந்தார். 1985இல் ஜப்பானின் கோபேயில் நடந்த போட்டியில் குரோமோசோம் சோதனை செய்து, தேறவில்லை என்று விலக்கினார்கள், பிறகு பதக்கங்களையும் பறித்தார்கள். போராடி 1988இல் தகுதியைத் திரும்பப் பெற்றார்.

டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றும் நொதி குறைந்தாலும் வெளியுறுப்பு பெண்ணுடையது போலவே இருக்கும். டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில் அப்படிப் பிறந்து பெண்ணாக வளர்க்கப்பட்டவர்களைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வு வந்தது. பருவ வயதில் அவர்கள் குரல் தடித்தது, ஆணுறுப்பும் வளர்ந்தது, பலர் ஆணாகவே வாழ்ந்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு மருத்துவர் 'சரிசெய்து' வெட்டியிருந்தால் அவர்களில் யாருக்கு அதைத் திருப்பித் தந்திருக்க முடியும்? உயிருக்கு ஆபத்து என்றால் அரசாணையே அறுவை சிகிச்சைக்கு இடம் தருகிறது. மற்றதற்கு அந்தக் குழந்தை வளர்ந்து வாய் திறந்து சொல்லட்டும், நீங்களும் நானும் காத்திருப்போம்.